அலுவலகத்திற்கு ஏற்ற மானிட்டரைத் தேர்ந்தெடுத்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையை ஒட்டி ஆரியங்கோடு, பெருங்கடவிளை, வெள்ளறடை, பாறசாலை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் இணைக்கப்பட்டன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் இடையே கொள்வினை, கொடுப்பினை, வாணிபம், போக்குவரத்து ஆகியவை முன்போலவே நடந்து வருகின்றன. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசாங்கத்துடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்துள்ளது.

ஆகவே, இப்பகுதியில் பணிபுரியும் குமாஸ்தாவின் மேசைக்கு மூவகை எழுத்துகளும் வந்து சேரக்கூடும். மனு தமிழில் இருக்கலாம். பதிவேடு மலையாளத்தில் இருக்கும். ஆதாரமாக இணைக்கப்பட்ட சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கும். முன்னாளில் இவை யாவும் காகிதத்தில் இருந்தன. கே-ஸ்மார்ட் என்னும் கணினி முறை 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் நகராட்சிகளிலும், 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் கிராம பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்கு வந்தபின், காகிதத்தில் கண்டவற்றைத் திரையில் காண்பதே அன்றாட வேலையாகிவிட்டது.

இந்நிலையில் மானிட்டர் என்னும் காட்சித் திரை வெறும் தளவாடச் சாமானன்று. திரையில் ஒரு தசமப் புள்ளி சரியாகத் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கவனிப்போம். கேரளத்து நிலப் பதிவேடுகளில் பரப்பளவு ‘ஆர்’ என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 4.05 ஆர் என்பது ஏறக்குறைய 10 செண்டு நிலம். அப்புள்ளி ஓர் இடம் தள்ளி 40.5 ஆர் என்று பதிவாகிவிட்டால், அதுவே ஒரு முழு ஏக்கராகிவிடும். இத்தகைய பிழைக்கு ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்று கருதுவது வழக்கம். ஆனால் நாள் முழுவதும் மங்கிய எழுத்தைக் கூசும் ஒளியில் உற்றுநோக்கும் கண், மாலையில் பிழை செய்வது இயற்கையே. நிலத்துக்கு உரியவரின் உரிமையும், ஊழியரின் கண்நலமும் ஒருசேரத் திரையைச் சார்ந்து நிற்கின்றன.

மானிட்டர் வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே விசாரிக்கின்றனர்: எத்தனை அங்குலம், என்ன விலை. இவ்விரண்டைக் காட்டிலும் முதன்மையான கேள்வி வேறொன்று உண்டு. ‘நம் ஊழியர் வாசிக்க வேண்டிய மிகச் சிறிய குறி எது? அவர் உட்காரும் இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரிகிறதா?’ என்பதே அக்கேள்வி. இதற்கு விடை காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் புள்ளியும்

திரையில் தோன்றும் ஒவ்வோர் எழுத்தும் சிறுசிறு சதுரப் புள்ளிகளால் ஆக்கப்பட்டது. இப்புள்ளியைப் பிக்சல் என்பர். வாசலில் புள்ளிக் கோலம் இடுவோர், புள்ளிகள் நெருக்கமாக இருந்தால்தான் வளைவுகளை நயமாகப் போட முடியும் என்பதை அறிவர். எழுத்துக்கும் அதுவே விதி.

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பல நேர்க்கோடுகளால் ஆனவை. குறைந்த புள்ளிகளைக் கொண்டும் அவற்றை அமைத்துவிடலாம். தமிழ் எழுத்துகளிலோ சுழிகளும் வளைவுகளும் மிகுதி. ‘ண’கரத்தையும் ‘ன’கரத்தையும் வேறுபடுத்துவது ஒரு சுழியே. ‘கெ’, ‘கே’ ஆகியவற்றின் வேற்றுமை கொம்பின் மேற்புறத்துச் சிறு சுழிப்பில் அடங்கியுள்ளது. ‘எ’கரம் ‘ஏ’காரமாவது அடியில் உள்ள ஒரு சிறு கோட்டினால். மெய்யெழுத்தை உயிர்மெய்யினின்று பிரிப்பது தலைமேல் உள்ள ஒரே புள்ளி. மலையாளத்திலும் கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுவதால் இதே இடர்ப்பாடு உண்டு.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கோண அளவால் கணக்கிடுவதே முறை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்கிறோம். சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 9241 என்னும் எண்ணில் வெளியிட்டுள்ள தர வரிசையின்படி, தொடர்ந்து வாசிக்க வேண்டிய எழுத்தின் உயரம் கண்ணில் 20 முதல் 22 கலை கோணத்தை உண்டாக்குவது விரும்பத்தக்கது. 16 கலைக்குக் குறைதலாகாது. கண்ணுக்கும் திரைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் தூரம் இருப்பின், 20 கலை என்பது 3.5 மில்லிமீட்டர் உயரமாகும்; 16 கலை என்பது 2.8 மில்லிமீட்டர். இவ்வளவுகள் ஆங்கிலம் முதலிய மொழிகளின் பெரிய எழுத்தை வைத்துக் கூறப்பட்டவையாதலால், சுழிகள் நிறைந்த நம் எழுத்துகளுக்கு இவற்றினும் சற்றுப் பெரிதாக வைத்துக்கொள்வது நலம்.

இனி, 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் எத்தனை புள்ளிகள் அடங்கும் என்று பார்ப்போம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் திரைகளின் கணக்கு பின்வருமாறு:

21.5 அங்குலம், 1920 × 1080 புள்ளிகள்: ஒரு புள்ளியின் அளவு 0.25 மி.மீ.; எழுத்தின் உயரத்தில் 14 புள்ளிகள்.
24 அங்குலம், 1920 × 1080 புள்ளிகள்: 0.28 மி.மீ.; 12 முதல் 13 புள்ளிகள்.
27 அங்குலம், 1920 × 1080 புள்ளிகள்: 0.31 மி.மீ.; 11 புள்ளிகள்.
27 அங்குலம், 2560 × 1440 புள்ளிகள்: 0.23 மி.மீ.; 15 புள்ளிகள்.
27 அங்குலம், 3840 × 2160 புள்ளிகள்: 0.155 மி.மீ.; 22 புள்ளிகள்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. புள்ளிகளின் மொத்தத் தொகையைக் கூட்டாமல் அங்குலத்தை மட்டும் கூட்டினால், திரை பெரிதாகுமே அன்றி எழுத்து தெளிவடையாது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட 27 அங்குலத் திரை, அதே புள்ளிகள் கொண்ட 21.5 அங்குலத் திரையைவிடக் கரடுமுரடான எழுத்தையே தரும். பெரிது நல்லது என்று எண்ணிப் பணம் செலவிடுவோர் ஏமாறும் இடம் இதுவே.

இயல்பான பார்வையுடைய கண் ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறிய வல்லது. 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர். மேற்கண்ட பட்டியலின் இறுதியில் உள்ள திரையில் மட்டுமே புள்ளி அதனினும் சிறியதாக இருக்கிறது. அத்திரையில் எழுத்து அச்சிட்டது போலத் தோன்றும் என்பது உண்மை. ஆயினும் விலை அதிகம். சாதாரண அலுவலக வேலைக்கு 24 அங்குலமும் 1920 × 1080 புள்ளிகளும் போதுமானவை. 27 அங்குலம் வேண்டுமாயின் 2560 × 1440 புள்ளிகளுக்குக் குறையாதது வாங்க வேண்டும்.

எத்தனை அங்குலம்?

24 அங்குலம் ஏன் பொருத்தமானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவாகும். 24 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். நாம் மனுக்களுக்குப் பயன்படுத்தும் ஏ-4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர், அகலம் 21 சென்டிமீட்டர். ஆகவே, மெனு முதலியவற்றிற்குரிய சிறு இடம் நீங்கலாக, இத்திரையில் ஒரு மனுவை அதன் உண்மையான அளவிலேயே காணலாம். அதன் அருகிலேயே பதிவுப் படிவத்தையும் திறந்து வைக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதும் வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய 18.5 அங்குலத் திரையின் உயரம் 23 சென்டிமீட்டரே ஆதலால், மனுவை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க நேரிடுகிறது. உருட்டும்போது வரி தவறுவதும், ஒருவர் பெயருக்கு நேரே மற்றொருவர் எண்ணை எழுதிவிடுவதும் எளிது.

மறுபுறம், 32 அங்குலத் திரையின் அகலம் 70 சென்டிமீட்டருக்கு மேல். கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து அதன் இரு ஓரங்களையும் பார்க்க வேண்டுமாயின் அடிக்கடி தலையைத் திருப்ப வேண்டும். குறுகிய மேசைகளைக் கொண்ட நம் அலுவலகங்களுக்கு அது ஏற்றதன்று.

திரையின் உள்ளமைப்பு

1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் அமைத்த எதிர்மின் கதிர்க் குழாயே பழைய கனத்த மானிட்டர்களுக்கு மூதாதை. இன்றைய தட்டையான திரைகள் திரவப் படிகம் என்னும் விந்தையான பொருளால் இயங்குகின்றன. திரவத்தைப் போல ஓடும் தன்மையும், படிகத்தைப் போல அணுத்திரள்கள் ஒழுங்காக நிற்கும் தன்மையும் ஒருங்கே உடைய இப்பொருளை 1888-இல் ஆஸ்திரிய நாட்டு ஃபிரீட்ரிக் ரைனிட்சர் கண்டறிந்தார். மின்னழுத்தத்திற்கு ஏற்ப இத்திரள்கள் திரும்பிப் பின்னாலிருந்து வரும் விளக்கொளியை விடவோ தடுக்கவோ செய்கின்றன. ஜன்னல் சட்டங்களைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது போன்றது இது.

அத்திரள்களை அமைக்கும் முறையைப் பொறுத்துத் திரைகள் டி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். என மூவகைப்படும். டி.என். வகை மலிவானது, ஆனால் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறி எழுத்து மங்கும். வி.ஏ. வகையில் கருமை ஆழமாகத் தோன்றும். ஐ.பி.எஸ். வகையில் எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் காட்சி பெரும்பாலும் மாறாது. விண்ணப்பதாரர் மேசைக்குப் பக்கத்தில் நின்று தம் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று திரையைப் பார்த்துச் சரிபார்ப்பது நம் அலுவலகங்களில் அன்றாட நிகழ்ச்சி. ஆசிரியரைச் சுற்றி நான்கு மாணவர் நின்று திரையைக் காண்பதும் அவ்வாறே. ஆதலின் ஐ.பி.எஸ். வகையே நமக்குச் சிறந்தது.

இத்துறையில் நம் நாட்டின் பங்கையும் இங்கே குறிப்பிடுதல் தகும். 1977-இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய சகாக்களும், தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தனர். அதுவரை அறியப்பட்ட திரவப் படிகங்கள் கோல் வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. பின்னாளில் இத்தட்டு வடிவப் படிகங்களைக் கொண்டு செய்த மெல்லிய படலம், டி.என். திரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் ஓரளவு தெளிவாகக் காண்பதற்கு உதவியது.

வெளிச்சமும் கண்கூசலும்

கடையில் திரை மிகப் பிரகாசமாக ஒளிர்வதைக் கண்டு அதுவே சிறந்ததென்று முடிவு செய்யலாகாது. திரையின் ஒளி, சுற்றியுள்ள வெளிச்சத்திற்கு இசைந்திருக்க வேண்டும். இதையும் எளிதில் கணக்கிடலாம். அலுவலக மேசையின்மேல் 400 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று கொள்வோம். வெள்ளைத் தாள் அதில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 400-ஐ 0.8-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால், தாளின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 காண்டெலா எனக் கிடைக்கும். மனுவையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கும் ஊழியருக்குத் திரையும் அதே அளவு ஒளிர்ந்தால் கண்மணி அடிக்கடி சுருங்கி விரிய வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் திரைகள் பெரும்பாலும் 250 காண்டெலாவும் அதற்கு மேலும் ஒளிர வல்லவை. அந்த முழு ஒளியில் வைத்து வேலை செய்வது, முகத்துக்கு நேரே விளக்கை வைத்து வாசிப்பது போன்றது.

கருவி ஏதுமின்றி இதனைச் சரிசெய்யலாம். வெற்றுத் தாள் ஒன்றைத் திரையின் அருகில் பிடித்து, திரையின் வெண்மையும் தாளின் வெண்மையும் ஒத்துத் தோன்றும்வரை ஒளியைக் குறைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அறையின் வெளிச்சம் மாறுமாதலால், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் எளிதில் கைக்கு எட்டும் திரையை வாங்குவது விவேகம்.

அடுத்தது பிரதிபலிப்பு. பளபளப்பான கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்புகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மேகம் படர்ந்த பகல் வானம் சதுர மீட்டருக்குப் பல ஆயிரம் காண்டெலா ஒளிர்வுடையது. 5,000 காண்டெலா எனக் கொண்டால், அதன் 4 சதவீதம் 200 காண்டெலா. அதாவது, திரையின் வெண்மையைப்போல் இரு மடங்கு. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருப்பின் எழுத்து அந்த வெள்ளொளியில் மூழ்கிவிடும். ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தாலோ, கண் வானத்தின் ஒளியோடு போராட வேண்டும். எனவே ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு மேசையை அமைத்தல் வேண்டும். பளபளப்பற்ற மேற்பரப்புள்ள திரையையே கேட்டு வாங்க வேண்டும்.

கருநிறப் பின்னணியில் வெண்ணிற எழுத்து கண்ணுக்கு இதமானது என்ற அபிப்பிராயம் பரவியுள்ளது. இருட்டறையில் அது பொருந்தலாம். வெளிச்சமுள்ள அறையில் வெண்ணிறப் பின்னணியில் கருநிற எழுத்தே வாசிக்கத் தெளிவானது. வெண்மையைக் காணும்போது கண்மணி சுருங்குவதால் பிம்பம் கூர்மையடைகிறது.

உயரமும் தூரமும்

திரை, நீட்டிய கையின் விரல் நுனி தொடும் தூரத்தில், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நலம். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். திரையின் நடுப்பகுதி கண்மட்டத்திலிருந்து 15 முதல் 20 பாகை தாழ்ந்திருந்தால் கழுத்து இயல்பான நிலையில் நிற்கும். திரை உயர்ந்திருந்தால் இரு தீமைகள் விளைகின்றன: கழுத்து பின்னே சாய்கிறது, இமைகள் அகல விரிவதால் கண்ணீர்ப் படலம் விரைவில் உலர்கிறது.

மேசையும் நாற்காலியும் ஊழியருக்கு ஊழியர் மாறாதிருக்கும் அலுவலகத்தில் திரையாவது மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். ஆகவே உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும், முன்பின் சாய்க்கவும் வசதியுள்ள தாங்கியோடு கூடிய மானிட்டருக்குச் சற்று அதிக விலை கொடுப்பது வீண்செலவன்று. அது இயலாவிடின், திரையின் பின்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு திருகுத் துளைகள் உள்ளனவா என்று பார்க்கவும். வேசா எனப்படும் அளவுமுறைப்படி அவை 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். அவை இருந்தால் பிற்காலத்தில் வேறு தாங்கியைப் பொருத்திக்கொள்ளலாம். அதுவும் இல்லையேல், உள்ளூர்த் தச்சரைக் கொண்டு மரக்கட்டை ஒன்று செய்வித்து அடியில் வைத்தாலும் பயன் உண்டு.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்திருப்பதால், கைக்கு ஏற்ற இடத்தில் வைத்தால் திரை தாழ்ந்துவிடும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கை உயர்ந்துவிடும். கேரளப் பொதுப் பள்ளிகளின் கணினிக் கல்விக்கெனத் தோன்றிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்னும் நிறுவனமாக உருப்பெற்றது முதல், பல வகுப்பறைகளில் மடிக்கணினிகள் இடம்பெற்றுள்ளன. மதிப்பெண் பட்டியல் தயாரிப்பது போன்ற நீண்ட வேலைகளுக்கு, அதே மடிக்கணினியுடன் ஒரு தனி மானிட்டரையும் விசைப்பலகையையும் இணைத்துக்கொண்டால் ஆசிரியரின் கழுத்துவலி பெரிதும் குறையும். சிறுவர் அமரும் இடத்தில் திரையைத் தாழ்த்தி வைக்க மறக்கலாகாது.

நாற்பது வயதிற்குமேல்

கண்ணின் வில்லை, வயது ஏற ஏறத் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. இதனால் ஏற்படுவதே வெள்ளெழுத்து. கண் எவ்வளவு அருகில் குவிய வல்லது என்பதை டயாப்டர் என்னும் அலகால் அளப்பர். மீட்டரில் கூறப்பட்ட தூரத்தால் ஒன்றை வகுத்தால் வருவதே டயாப்டர். புத்தகத்தை 33 சென்டிமீட்டரில் வாசிக்க 3 டயாப்டர் வேண்டும். திரையை 60 சென்டிமீட்டரில் வாசிக்க 1.7 டயாப்டர் போதும். பதினைந்து வயதில் கண்ணின் குவிக்கும் ஆற்றல் சுமார் 12 டயாப்டர். 45 வயதில் ஏறக்குறைய 4. அறுபதில் ஒன்றோ அதைவிடச் சற்று மிகுதியோதான். அவ்வாற்றலில் பாதியளவைத்தான் களைப்பின்றித் தொடர்ந்து பயன்படுத்த முடியும்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், 45 வயது ஊழியருக்குத் திரை எட்ட இருப்பதே இதம். ஐம்பதைக் கடந்தவருக்கோ கண்ணாடி இன்றியமையாதது. ஆனால் புத்தகம் வாசிக்கக் கொடுக்கப்படும் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்திற்கு அமைந்தது. அதை அணிந்து 60 சென்டிமீட்டரில் உள்ள திரையைப் பார்த்தால் எழுத்து மங்கும். உடனே அவர் முன்னே குனிகிறார், முதுகு வலிக்கிறது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர் அதன் கீழ்ப்பகுதி வழியே திரையைக் காண்பதற்காக மோவாயை உயர்த்துகிறார், கழுத்து வலிக்கிறது. எத்துணை உயர்ந்த மானிட்டரும் இக்குறையைத் தீர்க்காது. கண் மருத்துவரிடம் செல்லும்போது, தமக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்லி அதற்கேற்ற கண்ணாடி பெறுவதே வழி. இரட்டைப் பார்வைக் கண்ணாடியோடு வேலை செய்வோர் திரையை வழக்கத்தினும் தாழ்த்திச் சற்றுப் பின்சாய்த்து வைத்தல் வேண்டும்.

திரையின் துடிப்பு

திரவப் படிகத் திரையில் காட்சி நிலையாக நிற்பதால், விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் சாதாரணத் திரையே அலுவலகத்திற்குப் போதும். விளையாட்டுகளுக்கென விற்கப்படும் 144 ஹெர்ட்ஸ் திரைகளுக்கு அரசாங்கப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் பின்விளக்கைப் பற்றி விசாரிக்க வேண்டும். சில திரைகளில் ஒளியைக் குறைக்கும்போது, விளக்கு விநாடிக்குப் பன்முறை அணைந்து எரிகிறது. கண் அதைத் துடிப்பாக உணராவிடினும், சிலருக்குத் தலைவலி உண்டாகிறது.

இதைக் கடையிலேயே சோதித்தறியலாம். ஒளியைப் பாதிக்குக் கீழே குறைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னே ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டுக. பென்சிலின் நிழலுரு தொடர்ந்த மங்கலாகத் தோன்றினால் விளக்கு துடிக்கவில்லை. தனித்தனிப் பென்சில்களாக விட்டுவிட்டுத் தோன்றினால் துடிக்கிறது என்று அறியலாம். கடையின் மற்ற விளக்குகள் துடித்தாலும் இத்தோற்றம் உண்டாகலாமாதலால், அவற்றின் ஒளி நேரே விழாத இடத்தில் சோதித்தல் வேண்டும்.

கண் உலர்தலும் நீல ஒளியும்

1993-இல் ஜப்பானிய ஆய்வாளர்களான சுபோட்டாவும் நாக்கமோரியும் அலுவலக ஊழியர்களின் கண்ணிமைப்பைக் கணக்கிட்டனர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்குச் சராசரி 22 முறையும், புத்தகம் வாசிக்கும்போது 10 முறையும், திரையைப் பார்க்கும்போது 7 முறையுமே அவர்கள் இமைத்தனர். இமைப்பது குறைவதால் கண் உலர்ந்து எரிகிறது. நம் ஊர்களில் மேசைக்கு நேரே சுழலும் மின்விசிறி இதை மேலும் மிகுவிக்கிறது. விசிறிக் காற்று முகத்தில் நேரே படாதவாறு அமைத்துக்கொள்வதும், 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி நோக்குவதும் பயன் தரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டமோ தென்னந்தோப்போ தெரியுமாயின் அதுவே போதுமானது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றி விளம்பரங்கள் மிகுதி. காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்ததில், இக்கண்ணாடிகள் திரையால் உண்டாகும் கண்களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அதற்கெனத் தனிச் செலவு வேண்டாம். அப்பணத்தை உயரம் மாற்றத்தக்க தாங்கிக்குச் செலவிடுவது மேல்.

வாங்கும் முறை

அலுவலகத்திற்கு வாங்கும் பொறுப்புடையோர் பின்வரும் வரிசையில் முடிவு செய்வது எளிது. முதலில், வேலை நடக்கும் மேசையில் கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை அளக்க. இரண்டாவது, ஜன்னல், விளக்கு, விசிறி ஆகியவை அமைந்த திசைகளைக் குறிக்க. மூன்றாவது, அங்கு வேலை செய்வோரின் வயதையும் கண்ணாடியையும் கருதுக. இவற்றின் பின்னரே கடைக்கோ, 2016 முதல் இயங்கிவரும் அரசாங்க மின்சந்தைக்கோ செல்லுக. 24 அங்குலம், 1920 × 1080 புள்ளிகள், ஐ.பி.எஸ். வகை, பளபளப்பற்ற பரப்பு, துடிப்பில்லாப் பின்விளக்கு, உயரம் மாற்றத்தக்க தாங்கி ஆகிய ஆறும் கேட்கத்தக்கவை. இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் பதிவு எண், பின்புறச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் காண்க. நம் கணினியிலுள்ள இணைப்புத் துளைக்குப் பொருந்தும் கம்பி உடன் வருகிறதா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்வது அலைச்சலைத் தவிர்க்கும்.

இத்தகைய திரைக்குச் சுமார் 20 வாட் மின்சாரம் போதும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்கினாலும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கே செலவாகும். பழைய 17 அங்குலக் குழாய்த் திரைக்கு இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு தேவைப்பட்டது. மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும்போது, யு.பி.எஸ். சாதனத்தின் மின்கலம் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதும் ஒரு நன்மை. கழித்த குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயமும், தொடக்ககாலத் தட்டைத் திரைகளின் விளக்கில் பாதரசமும் உண்டு. அவற்றை உடைக்கவோ பழைய சாமான் வியாபாரியிடம் கொடுக்கவோ கூடாது. மின்னணுக் கழிவைச் சேகரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பினிடமே ஒப்படைக்க வேண்டும்.

வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கீழ்க்கண்ட சொற்களையும் எண்களையும் திரையில் தட்டெழுதி, எழுத்தின் உயரத்தை அளவுகோலால் 3.5 மில்லிமீட்டராக அமைத்து, 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிமிர்ந்து அமர்ந்து வாசிக்க:

பெண் – பேண், கொடி – கோடி, எடு – ஏடு, மணம் – மனம், கள் – கள, 4.05 – 40.5, 386 – 388.

முன்னே குனியாமலும் கண்ணைச் சுருக்காமலும் இவற்றைப் பிழையின்றி வாசிக்க முடிந்தால் அத்திரை நம் வேலைக்கு ஏற்றது. அலுவலகத்தில் மிக மூத்த ஊழியர் தம் வழக்கமான கண்ணாடியுடன் இச்சோதனையைச் செய்வது சாலச் சிறந்தது. அவருக்குத் தெளிவாகத் தெரியும் திரை மற்றவர்களுக்கும் தெளிவாகத் தெரியும். பள்ளிகளில் ஆசிரியர்கள் இதனை மாணவரைக் கொண்டே செய்வித்து, கோணத்தையும் தூரத்தையும் எழுத்தின் உயரத்தையும் அவர்களே கணக்கிடுமாறு செய்யலாம்; ஒளியியல் பாடத்திற்கு அது நல்லதொரு செய்முறைப் பயிற்சியாகவும் அமையும்.